காவலும் வரியும்

சீருடை அணிந்த காவலர் நம் நாட்டில் எப்பொழுது தோன்றினர் என்று இவ்வூர் மாணவர் பலரை நான் வினவியதுண்டு. மன்னர் காலந்தொட்டே இருந்துவருவதாகப் பெரும்பாலோர் விடையிறுப்பர். உண்மையில், திருவண்ணாமலைக் கோயிலின் இராசகோபுரம் எழுந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரே நாம் இன்று அறிந்த காவல்துறை தோன்றியது.

அதற்கு முன்னும் காவல் இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகள் 'பாடிகாவல்' என்னும் வரியைக் குறிக்கின்றன. பிற்காலத்தில் ஊர்தோறும் தலையாரியும் காவற்காரரும் இருந்தனர். களவுபோன பொருளை மீட்டுத் தராவிடில், காவல் உரிமை பெற்றவரே ஈடுசெய்ய வேண்டும் என்பது வழக்கம்.

கும்பினியார் இம்முறையைக் கலைத்தனர். 1802இல் நீதிபதிகளின் கீழ்த் தாரோகாக்களை அமர்த்தினர். அது பயன்படாமற்போகவே, தாமசு மன்றோவின் கருத்துப்படி, 1816இல் காவல் அதிகாரம் கலெக்டரிடமும் தாசில்தாரிடமும் சென்றது. எங்கள் திருவண்ணாமலை வட்டம் அக்காலத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இங்கிருந்த உழவனுக்கு வரி தண்டுபவரும் தாசில்தாரே. திருடனைப் பிடிப்பவரும் அவரே. சிறு குற்றங்களுக்குத் தண்டனை விதிப்பவரும் அவரே.

விளைவு யாதாயிற்று? வரி செலுத்த இயலாதவனும், குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவனும் ஒரே வகைத் துன்பத்திற்கு ஆளாயினர். இரு கட்டைகளுக்கிடையே விரல்களை வைத்து நெரிப்பது 'கிட்டி'. தலையைக் குனியச் செய்து கழுத்தையும் காலையும் கயிற்றாற் பிணைத்து, வெயிலில் நிறுத்துவது 'அண்ணாந்தாள்'. முறையிட விழைந்தவன் எவரிடம் செல்வான்? துன்புறுத்திய அதிகாரியின் வாயிலுக்கே செல்ல வேண்டியிருந்தது.

1852இல் கசுலு இலட்சுமிநரசு செட்டியார் முன்னின்று நிறுவிய சென்னைவாசிகள் சங்கம் இக்கொடுமையை இலண்டன் பாராளுமன்றத்துக்கு எடுத்துச் சொல்லிற்று. 1854இல் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட விசாரணைக்குழு அமைந்தது. அதனிடம் 1,959 முறையீடுகள் குவிந்தன. துன்புறுத்தல் நிகழ்வது உண்மையே என்று 1855இல் குழு அறிவித்தது. வரித்துறையினின்று காவலைப் பிரிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அதன் பயனாகவே 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் பிறந்தது. வில்லியம் ராபின்சன் தலைமையில் சென்னை மாகாணக் காவற்படை உருவாயிற்று.

ஆயினும் ஆள்வோர் கைக்கொண்ட முன்மாதிரி, பெருமளவுக்கு அயர்லாந்தின் காவற்படையே ஆகும். அடங்காத குடிகளை அடக்குதற்கென எழுந்த படை அது. ஆதலின் காவலர் தாசில்தாரின் பிடியிலிருந்து நீங்கினரேயன்றி, மக்களுக்கு விடை கூறும் கடமை அவர்க்கு வாய்க்கவில்லை. காவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் வழக்கில் செல்லாது என 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் விதித்தது. காவலர்மீது அரசுக்கே இருந்த ஐயத்தை இவ்விதி காட்டுகிறது. 1903இல் பிரேசர் குழுவும், காவல்துறை பயிற்சியிற் குறைந்தது, மக்களால் அஞ்சப்படுவது என்றே கூறிற்று.

இது அடிமைப்பட்ட நாட்டின் குறை மட்டுமன்று. குடியரசாகிய அமெரிக்காவில் நகரக் காவலர் நெடுங்காலம் கட்சித் தலைவர்களின் கைக்குள் இருந்தனர். 1931இல் விக்கர்ஷாம் குழு, கைதிகளை வதைத்து வாக்குமூலம் பெறும் வழக்கம் அங்கும் பரவியிருந்ததை வெளிப்படுத்திற்று. இங்கே வரியுடன் பிணைந்து கெட்ட காவல், அங்கே கட்சியுடன் பிணைந்து கெட்டது.

விடுதலைக்குப் பின்னரும் இச்சிக்கல் தீரவில்லை. 2006இல் உச்ச நீதிமன்றம், பிரகாஷ் சிங் வழக்கில், காவலர்மீது எழும் முறையீடுகளை ஆராயத் தனி ஆணையங்கள் வேண்டும் என்றும், அவற்றிற்கு ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமை தாங்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. தமிழ்நாடு 2013இல் இயற்றிய சட்டமோ, மாநில ஆணையத்தின் தலைமையை உள்துறைச் செயலாளரிடம் ஒப்படைத்தது.

மாணவ நண்பர்களே! அண்ணாந்தாள் கட்டப்பட்ட உழவன் கேட்ட கேள்வியை இங்கு எண்ணிப் பாருங்கள். முறையீட்டைக் கேட்பவர், முறையீட்டுக்கு ஆளானவரின் மேலதிகாரியாகவே இருக்கலாமா? இதற்கு நேர்மையான விடை காண்பது, நாளை சட்டம் இயற்றவும் சீருடை அணியவும் போகின்ற உங்கள் கடமையாகும்.