மோட்டார் வண்டியின் புகையும் மனிதரின் மூச்சும்

நெருப்பின்றிப் புகையாது என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. மோட்டார் வண்டியைப் பொறுத்தவரையில் இதனைச் சற்றே விரித்துக்கொள்ளுதல் வேண்டும். எஞ்சினுக்குள் நெருப்பு செவ்வனே எரியுமாயின் வெளிவரும் புகை கண்ணுக்குத் தெரிவதே அரிது. அரைகுறையாக எரியும் நெருப்பே கரும்புகையையும் நச்சு வாயுக்களையும் பெருமளவில் வெளிவிடுகின்றது. இச்சிறு உண்மையை மனிதகுலம் அறிந்துகொள்வதற்குப் பல்லாயிரம் உயிர்களை விலையாகக் கொடுக்க நேர்ந்தது.

பேராதனையிலிருந்து புறப்பட்டு நுவரெலியா, ஹக்கலை, வெலிமடை ஆகிய இடங்களினூடே பதுளையை நோக்கிச் செல்லும் பெருவீதியை எண்ணிப் பாருங்கள். உருளைக்கிழங்கும் போஞ்சியும் கரட்டும் கோவாவும் ஏற்றிய லொறிகள் தாழ்ந்த கியரில் முனகிக்கொண்டு மேடேறுகின்றன. அதே வீதியின் ஓரமாகத் தோட்டத் தொழிலாளர் வேலைக்குச் செல்கின்றனர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்கின்றனர். லொறி கக்கும் கரும்புகை அவர்கள் முகத்தில் படுகின்றது. லொறிக்காரரின் நிலையும் எளிதன்று. ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் அவசியம். பரிசோதனையில் வண்டி தவறினால் சில நாட்களுக்கேனும் பிழைப்பு நின்றுவிடும். நடந்து செல்வோரின் மூச்சும் வண்டியோட்டுவோரின் பிழைப்பும் ஒன்றோடொன்று மோதுவன போலத் தோன்றுகின்றன. இப்பரிசோதனை பிறந்த வரலாற்றையும் அது கூறும் செய்தியையும் அறிவோமாயின், இருவர் நலனும் ஒன்றே என்பது புலனாகும்.

இவ்வரலாற்றின் முதற் பாடம் லண்டன் மாநகரில் கற்கப்பட்டது. 1952ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அந்நகரின்மீது கவிந்த பனிமூட்டம் நிலக்கரிப் புகையோடு கலந்து, ஐந்து நாட்கள் கலையாது நின்றது. ஏறக்குறைய 4,000 பேர் இறந்தனர் என்று அக்காலத்தில் கணக்கிட்டனர். பிற்கால ஆய்வாளர் சிலர் அத்தொகை 12,000 வரை இருக்கலாம் என்கின்றனர். இதன் விளைவாக 1956இல் பிரித்தானியாவில் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. ஆயினும் அது பெரும்பாலும் அடுப்புக்கரியின் புகை. கண்ணுக்குத் தெரிந்த பகை.

கண்ணுக்குப் புலப்படாத பகையை இனங்கண்டது அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரம். 1943ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அந்நகரில் திடீரெனக் கண்களை எரிக்கும் மூட்டம் பரவியது. உலக யுத்தம் நடைபெற்ற காலமாதலால், பகைவர் நச்சுவாயுவை ஏவிவிட்டனரோ என்று மக்கள் அஞ்சினர். தொழிற்சாலைகளே காரணம் எனப் பலரும் நம்பினர். ஒல்லாந்தில் பிறந்து கலிபோர்ணியாவில் பணியாற்றிய ஹாகன்ஸ்மித் என்னும் உயிரிரசாயன அறிஞர், அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர், அந்த ஆய்வுமுறைகளையே நகரத்துக் காற்றின்மீது திருப்பினார். எரியாது வெளியேறும் ஐதரோக்காபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வெயிலில் ஒன்றுகூடி ஓசோன் வாயுவைப் பிறப்பிக்கின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் அவர் நிறுவிக்காட்டினார். ஓசோன் பட்ட இறப்பர் வெடித்துப்போவதும் அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. மோட்டார் வண்டிகளே இம்மூட்டத்திற்குப் பெருங்காரணம் என்பது படிப்படியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அந்நகரம் மலைகள் சூழ்ந்த வடிநிலத்தில் அமைந்தது. மேலே வெப்பமான காற்று மூடிபோல் நிற்க, கீழே குளிர்ந்த காற்றும் புகையும் அகப்பட்டுக்கொள்ளும். மலைகளுக்கிடையே குளிர்ந்த காலைப்பொழுதைக் காணும் எந்தப் பள்ளத்தாக்கிற்கும் இவ்வியல்பு பொருந்தும். ஊவாவின் பள்ளத்தாக்குகளில் வாழ்வோர் இதனை மனத்திற் கொள்ளல் தகும்.

1970இல் அமெரிக்கா தன் தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1975ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் வினையூக்கி மாற்றி பரவலாக இடம்பெறத் தொடங்கியது. சைலன்சருக்கு முன்னே பொருத்தப்படும் இச்சிறு கலம், பிளாற்றினம் முதலிய விலையுயர்ந்த உலோகங்களின் துணையால் நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும். ஆயின் பெற்றோலிற் கலந்திருந்த ஈயம் அவ்வுலோகங்களை மூடிப் பயனற்றதாக்கியது. எனவே வினையூக்கி வந்தபோது ஈயம் விடைபெற வேண்டியதாயிற்று. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் பெருங்கேடு என்பதும் வலுவாக நிறுவப்பட்டது. இலங்கை 2002ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஈயங் கலந்த பெற்றோலைக் கைவிட்டது. உலகில் இறுதியாக அதனை நிறுத்திய நாடு அல்ஜீரியா, அவ்வாண்டு 2021.

இலங்கையில் இப்பிரச்சினை வளர்ந்த வழி சற்று வேறானது. மலைநாட்டில் மோட்டார் வண்டி ஒருகாலத்தில் தோட்டத்துரைமாரின் உடைமையாகவே பெரிதும் இருந்தது. தேயிலைப் பெட்டிகளும் மனிதரும் நெடுந்தூரம் செல்வதற்கு, 1924இல் பதுளையை அடைந்த புகையிரதமே பெருந்துணை. 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் பஸ் சேவைகள் அரசுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபையின்கீழ் வந்தன. 1977இற்குப் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. யப்பானில் ஓடித் தேய்ந்த வான்களும் லொறிகளும் இந்திய முச்சக்கர வண்டிகளும் வீதிகளை நிறைத்தன. பெற்றோலைவிட டீசல் மலிவாக விற்கப்பட்டமையால் டீசல் வண்டிகளை நாடினோர் பலர்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும், அதன்வழி 1981இல் தோன்றிய மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் இத்துறைக்கு அடித்தளமாயின. வாகனப் புகைக்கான நியமங்கள் 2000ஆம் ஆண்டில் வர்த்தமானியில் வெளியாயின. அவற்றைச் செயற்படுத்தும் புகைப் பரிசோதனைத் திட்டம் 2008 நவம்பரில் மேல் மாகாணத்தில் ஆரம்பமாகிப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. கொழும்பின் நெரிசலுக்காக எழுந்த ஏற்பாடு இவ்வாறு ஊவா மலைகளையும் வந்தடைந்தது.

பரிசோதனை நடைபெறும் முறை எளியது. பெற்றோல் வண்டியின் புகைக்குழாயில் ஒரு கோலைச் செருகி, எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் சற்று விரைவாக ஓடும்போதும் காபனோரொட்சைட்டு, ஐதரோக்காபன் ஆகியவற்றின் அளவை எடுப்பர். டீசல் வண்டியாயின், நின்ற நிலையிலேயே அக்சிலேற்றரை முழுதாக மிதித்து, புகை எவ்வளவு ஒளியை மறைக்கின்றது என்று பார்ப்பர். இங்ஙனம் பெறும் எண்களைத் தேர்வின் மதிப்பெண்களாகவே பலர் கருதுகின்றனர். மெய்யாக அவை மருத்துவர் எழுதித்தரும் இரத்தப் பரிசோதனை அறிக்கையை ஒத்தவை. நோய் எங்கே உள்ளது என்பதை அவ்வெண்களே சுட்டிக்காட்டும்.

பெற்றோல் செம்மையாக எரிவதற்கு ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று நிறையளவில் தேவை. அறிக்கையில் காபனோரொட்சைட்டு மட்டும் மிகுந்திருப்பின், காற்று போதாது, அல்லது பெற்றோல் மிகுதி என்பது பொருள். அடைபட்ட காற்று வடி, திறவாது சிக்கிய சோக், கார்புரேற்றரின் தேய்ந்த ஊசி, மட்டம் உயர்ந்த மிதவை ஆகியன பழைய வண்டிகளில் வழக்கமான காரணங்கள். புதிய வண்டிகளில் பழுதான ஒட்சிசன் உணரியோ ஒழுகும் இன்ஜெக்டரோ இதனைச் செய்யும். எஞ்சின் சூடேறிய பின்னரும் அது குளிர்ந்திருப்பதாகப் பொய் சொல்லும் வெப்ப உணரியும் காரணமாகலாம்.

ஐதரோக்காபன் மட்டும் மிகுந்து காபனோரொட்சைட்டு குறைவாயின், பெற்றோல் பற்றாமலே வெளியேறுகின்றது. தேய்ந்த பிளக், பழுதடைந்த பிளக் வயர், பிழைபட்ட தீப்பொறி நேரம், காற்றுக் கசியும் வெற்றிடக் குழாய், எரிந்துபோன வால்வு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தல் வேண்டும். இரண்டும் ஒருங்கே மிகுந்திருந்தால் வினையூக்கி மாற்றி செயலிழந்திருக்கலாம். ஆயினும் அதனை உடனே மாற்றுவது பேதைமை. பற்றாத பெற்றோல் அதனுள் சென்று எரிந்தமையாலேயே அது அழிந்திருக்கக்கூடும். மூலப் பழுதைத் திருத்தாது பெருவிலை கொடுத்துப் புதியதைப் பொருத்தினால் அதற்கும் அக்கதியே நேரும்.

டீசல் வண்டியின் புகையை நிறத்தாலேயே ஓரளவு பிரித்தறியலாம். கரும்புகை காற்றின் குறைவை அல்லது டீசலின் மிகுதியைக் காட்டும். நீலப்புகை எஞ்சின் ஒயில் எரிவதைக் காட்டும். பிஸ்டன் ரிங்குகளோ வால்வு சீல்களோ தேய்ந்திருக்கும். எஞ்சின் சூடேறிய பின்னும் நில்லாத வெண்புகை, பற்றாத டீசலையோ குளிர்நீர் உட்புகுவதையோ குறிக்கும். காற்று வடியைத் துப்புரவு செய்தல், ஒயிலை மாற்றுதல், நொசில்களைச் சோதித்தல், பம்பின் நேரத்தைச் சரிபார்த்தல் என்னும் ஒழுங்கில், செலவு குறைந்ததிலிருந்து செலவு கூடியதை நோக்கிச் செல்வதே அறிவுடைமை. எஞ்சினை நன்றாகச் சூடேற்றிய பின்னரே பரிசோதனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

மலைநாட்டு வண்டிகளுக்குத் தனியான ஓர் இடர்ப்பாடும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து உயரம் ஏற ஏறக் காற்று மெலிகின்றது. 1,000 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்திலொரு பங்கு குறையும். 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவிலோ ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைந்துவிடும். கொழும்பில் செம்மையாகச் சரிசெய்த கார்புரேற்றர் வண்டி வெலிமடைக்கு வந்ததும், வேறெந்தப் பழுதுமின்றியே, தேவைக்கு மேற்பட்ட பெற்றோலைக் குடிக்கத் தொடங்குவது இதனாலேயே. எந்த உயரத்தில் வண்டி பெரும்பாலும் ஓடுகின்றதோ அங்கேயே அதனைச் சரிசெய்தல் நன்று. புதிய வண்டிகளின் உணரிகள் இம்மாற்றத்தைத் தாமே அறிந்து ஈடுசெய்கின்றன. டீசல் லொறிக்கும் இவ்விதி பொருந்தும். பாரத்தோடு மலையேற வலு வேண்டுமென்று பம்பிலே டீசலைக் கூட்டிவைப்போர், மெலிந்த காற்றில் எரியக்கூடிய அளவுக்கு மேற்பட்ட டீசலை ஊற்றுகின்றனர். மிகுதியானது வலுவைத் தராது, கரும்புகையாகவே வெளியேறும். வீதியோரத்துப் பிள்ளையின் முகத்தில் படிவது லொறிக்காரர் காசு கொடுத்து வாங்கிய டீசலே.

இதனை அறிந்தும் குறுக்கு வழியை நாடுவோர் எல்லா நாடுகளிலும் உளர். பரிசோதனைக்கு முன் பம்பின் திருகாணியைக் குறைப்பதும், சான்றிதழ் கைக்கு வந்தபின் மீண்டும் கூட்டுவதும் அவ்வழி. சிறு கராஜில் திருகாணியால் நடைபெறும் இச்செயலைப் பெருந்தொழிற்சாலையொன்று கணினியால் செய்தது. வெஸ்ட் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் சில டீசல் கார்களை வீதியில் ஓட்டி அளந்தபோது, பரிசோதனைக் கூடத்தின் எண்களுக்கும் வீதியின் எண்களுக்கும் பெரும் வேறுபாடு இருப்பதை 2014இல் வெளிப்படுத்தினர். 2015ஆம் ஆண்டு செப்டெம்பரில் உண்மை வெளியாயிற்று. பரிசோதனை நடைபெறுவதை அறிந்து அப்பொழுது மட்டும் ஒழுங்காக ஓடும் மென்பொருளை, உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 இலட்சம் வண்டிகளில் வொக்ஸ்வேகன் நிறுவனம் பொருத்தியிருந்தது. வீதியில் அவற்றுட் சில, அனுமதித்த அளவைப்போல் நாற்பது மடங்கு வரை நைதரசன் ஒட்சைட்டை வெளிவிட்டன. அந்நிறுவனம் பல்லாயிரம் கோடி ரூபாய்க்கு ஈடான தண்டமும் நட்டஈடும் செலுத்த நேர்ந்தது.

தண்டத்தைக் காசாகக் கட்டித் தீர்க்கலாம். சுவாசித்த புகையை எவரும் மீட்டெடுக்க இயலாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வகைப்படுத்தியது. அப்புகையைப் பிறரிலும் மிகுதியாகச் சுவாசிப்போருள் வண்டியோட்டுநரும் கராஜ் தொழிலாளரும் அடங்குவர்.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் இலங்கையின் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசைகளில் நின்றனர். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு இறக்குமதிக் கதவு மீண்டும் திறக்கப்பட்டபோதும், புதிய வண்டி எளியோர்க்கு எட்டாக் கனியாகவே இருந்தது. ஆகவே பழைய வண்டியைப் பேணுவது மலைநாட்டில் பலருக்குத் தவிர்க்கவியலாத கடமை. ஒவ்வோராண்டின் புகை அறிக்கையையும் எறிந்துவிடாது சேர்த்துவைத்து, முந்தையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர், எண்கள் ஏறத் தொடங்கும்போதே பழுதை அறிந்துகொள்வார். அதற்காகும் செலவு சிறிது. டீசலிலும் பெற்றோலிலும் மிஞ்சுவது அதனிலும் பெரிது. வண்டி மேடேறும் வீதியில் நடந்து செல்லும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் தூய மூச்சோ கணக்கில் எழுதவியலாத ஆதாயம்.