நிலையான ஐபி முகவரி: கருவியிலா, பதிவேட்டிலா?

அலுவலகப் பிரிண்டருக்கு மாறாத ஐபி முகவரி வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதை எங்கே எழுதிவைப்பது என்பதுதான் கேள்வி. பிரிண்டரின் திரையிலேயே 192.168.1.50 என்று தட்டிவிட்டு எழுந்துபோவது நம் வழக்கம். அந்த எண் இருக்கவேண்டிய இடம் முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரின் பதிவேடு என்கிறேன்.

ஈதர்நெட்டுக்கு ஐபி முகவரி என்றால் என்னவென்றே தெரியாது. அது அறிந்ததெல்லாம் 48 பிட் மேக் முகவரி. இரண்டையும் முடிச்சுப் போடுவது ஏஆர்பி. அதை வரையறுத்தது 1982-இல் வெளியான ஆர்எஃப்சி 826 என்ற ஆவணம். ‘இந்த ஐபி யாருடையது?’ என்று ஒரு கணினி எல்லோரையும் கேட்கும். ‘என்னுடையது’ என்று யார் சொன்னாலும் நம்பித் தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். அட்டவணையில் ஏற்கெனவே உள்ள ஐபியின் பெயரில் புதிதாக ஓர் ஏஆர்பி செய்தி வந்தால், அது வெறும் கேள்வியாகவே இருந்தாலும், பழைய மேக் முகவரியின் மேல் புதியதை எழுதிக்கொள்ள வேண்டும் என்பது அந்த ஆவணத்தின் விதி. வீட்டுக்காரர் தாமே சுவரில் எழுதிக்கொண்ட கதவு எண்ணுக்கு என்ன மதிப்போ, பிரிண்டரில் தட்டிய எண்ணுக்கும் அதே மதிப்புதான்.

ஒரு சிறு அலுவலகத்தின் ரவுட்டர் 20 முதல் 200 வரையுள்ள எண்களை வழங்குகிறது என்று கொள்வோம். பிரிண்டர் 50-இல் அமர்ந்திருப்பது ரவுட்டருக்குத் தெரியாது. மாலையில் பிரிண்டரை அணைத்த பின் யாரோ மடிக்கணினியைச் செருக, 50 அதற்குப் போய்விடுகிறது. வழங்குமுன் சர்வர் பிங் செய்து பார்க்கலாம். ஏற்குமுன் கருவி மூன்று முறை ஏஆர்பி வழியே விசாரிக்கவேண்டும் என்று 2008-இன் ஆர்எஃப்சி 5227 சொல்கிறது. அணைந்து கிடக்கும் பிரிண்டர் எதற்கு வாய் திறக்கும்? காலையில் அது விழித்து, விசாரிக்காமலே பழைய எண்ணில் பேசத் தொடங்கினால், ஒரு மேசையிலிருந்து அச்சாகும், அடுத்த மேசையிலிருந்து ஆகாது. சற்று நேரத்தில் தலைகீழாகும். கேபிளை மாற்றுவார்கள், டிரைவரை அழித்து மீண்டும் ஏற்றுவார்கள். பாவம், டிரைவர் என்ன செய்யும்?

வழங்கும் வரம்புக்கு வெளியே ஓர் எண்ணைத் தேர்ந்தால் இந்த மோதல் தவிரும், உண்மைதான். ஆனால் கேட்வே மாறும் நாளில் ஒவ்வொரு கருவியின் முன்னும் போய் நிற்கவேண்டும். 1997-இன் ஆர்எஃப்சி 2131 குறிப்பிடும் மூன்று வழங்கல் முறைகளில் ஒன்றில், எண்ணை நிர்வாகி முடிவுசெய்வார். டிஎச்சிபி அதைக் கொண்டுசேர்க்கும். மேக் முகவரிக்கு எதிரே ஐபியைப் பதிந்துவைக்கும் ரிசர்வேஷன் இதுவே. கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் கூடவே போய்ச்சேரும்.

சர்வர் படுத்துவிட்டால்? டிஎச்சிபி எண்ணைக் குறிப்பிட்ட காலக் குத்தகைக்குத் தருகிறது. கருவி அந்தக் குத்தகையின் பாதிக் காலத்திலேயே புதுப்பிக்கக் கேட்கத் தொடங்கும். எட்டு நாள் குத்தகையென்றால் குறைந்தது நான்கு நாள் கையிருப்பு. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: வலை அட்டையை மாற்றினால் மேக் முகவரியும் மாறும், பதிவேட்டைத் திருத்தும்வரை பிரிண்டர் வேறு எண்ணில் அலையும். அந்தச் சிரமத்தை ஏற்கத்தான் வேண்டும். ரவுட்டருக்கும் டிஎச்சிபி சர்வருக்கும் மட்டும் இந்த வாதம் பொருந்தாது. முகவரி கொடுப்பவரே தன் முகவரியை யாரிடம் போய்க் கேட்பார்? அவற்றுக்கான எண்களைக் கையால்தான் எழுதவேண்டும், வரம்புக்கு வெளியே.