எடைக்குப் போட முன்னம்: நம்மட வீட்டுக் கால்மெசினின் வரலாறு



பனிச்சங்கேணி, மாங்கேணி, வாகரை, இந்தப் பக்கம் வாழைச்சேனை, ஓட்டமாவடி என்று எங்கு பார்த்தாலும் பழைய இரும்பு வாங்குகிறவர்களின் வாகனம் ஒழுங்கைக்குள் வந்து போகிறது. உடைந்த சைக்கிள், ஓட்டை வாளி, கறள் பிடித்த தகரம் ஆகியவற்றோடு எங்கள் மூத்தம்மாமாரும் அம்மம்மாமாரும் மிதித்துத் தைத்த மெசின்களும் தராசில் ஏறுகின்றன. வார்ப்பிரும்புக் கால் என்பதால் நல்ல பாரம் நிற்கும். அந்தப் பாரத்துக்குத்தான் விலை. அதன் வயது என்ன, எங்கிருந்து வந்தது, யார் தைத்தது என்று யாரும் கேட்பதில்லை. அதை நாங்கள் கேட்டுப் பார்க்கத்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

1846இல் அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ் மேல்நூலையும் கீழ்நூலையும் ஒன்றோடொன்று பூட்டித் தைக்கும் மெசினுக்குக் காப்புரிமை எடுத்தார். 1851இல் ஐசக் சிங்கர் தன்னுடைய மெசினுக்கு எடுத்தார். காலால் மிதித்து ஓட்டும் முறை சிங்கரின் மெசினோடுதான் உலகம் முழுக்கப் பரவியது. கைமெசினில் ஒரு கை எப்போதும் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். மற்றக் கை மட்டும்தான் துணிக்கு. கால்மெசினில் இரண்டு கையும் துணியிலேயே இருக்கும். சட்டைக் கொலரும் கைக்குழியும் தைத்தவர்களுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று விளங்கும்.

அந்தக் காலத்தில் மெசின் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலை. அதனால் சிங்கரின் பங்காளி எட்வர்ட் கிளார்க் 1856இல் ஒரு வழி கண்டார். முதலில் கொஞ்சக் காசு, மிச்சம் மாதத் தவணை. இன்று எங்கள் வீடுகளில் ஃபிரிட்ஜ் தொடக்கம் மோட்டார் சைக்கிள் வரை தவணையில்தான் வருகிறது. அந்த வியாபார முறையை உலகெங்கும் கொண்டுபோனதில் தையல் மெசினுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். தையல் மெசின் தன் தவணையைத் தானே உழைத்துக் கட்டக்கூடிய பொருள். நுண்கடன் எடுத்து, அதை அடைக்க இன்னொரு கடன் எடுத்து அல்லற்படும் எங்கள் பெண்களைப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் நினைவுக்கு வருகிறது.

சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல், கொழும்பு புறக்கோட்டையில் ஒரு சிறிய கடையாக. மட்டக்களப்புக்கு ரயில் வந்ததே 1928இல்தான். அதாவது, எங்கள் மாவட்டத்துக்குத் தண்டவாளம் வருவதற்கு 51 வருடங்களுக்கு முன்பே இந்த மெசின் நாட்டுக்குள் வந்துவிட்டது. நவீன காலம் இலங்கைச் சாதாரண மக்களின் வீடுகளுக்குள் இப்படியான சின்ன இயந்திரங்கள் வழியாக எப்படி நுழைந்தது என்று வரலாற்றுப் பேராசிரியர் நிரா விக்கிரமசிங்க 2014இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அதில் தையல் மெசினுக்கு முக்கிய இடம் உண்டு.

இங்கு வந்த பழைய சிங்கர்களில் நிறைய ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் என்ற ஊரில் செய்யப்பட்டவை. அங்கே 1885இல் இயங்கத் தொடங்கிய தொழிற்சாலை ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய தையல் மெசின் தொழிற்சாலை. 1913இல் மட்டும் 13 இலட்சத்துக்கும் அதிகமான மெசின்கள் அங்கிருந்து வெளியேறின. 1911இல் அங்கே ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதைத் தொடக்கியவர்கள் 12 பெண்கள். மெசின் வைக்கும் மரப்பெட்டிகளுக்குப் பொலிஷ் போடுகிறவர்கள். வேலையைக் கூட்டிச் சம்பளத்தைக் குறைத்ததை எதிர்த்து அவர்கள் வேலையை விட்டு எழும்ப, சுமார் 11,000 பேர் பின்னால் வந்தார்கள். சில வாரங்களில் வேலைநிறுத்தம் தோற்றது. நூற்றுக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். 1941 மார்ச்சில் ஜெர்மன் விமானங்கள் இரண்டு இரவுகள் அந்த ஊரைக் குண்டு போட்டு அழித்தன. 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல்லாயிரம் பேர் வீடு இழந்து இடம்பெயர்ந்தார்கள். கடைசியில் 1980இல் தொழிற்சாலையும் மூடப்பட்டது. இடம்பெயர்வு என்றால் என்ன என்று அந்த ஊருக்கும் தெரியும், எங்கள் ஊர்களுக்கும் தெரியும்.

இனி எங்கள் கதைக்கு வருவோம்.

கிழக்கு மாகாணத்தில் தமிழருக்கும் சரி, முஸ்லிம்களுக்கும் சரி, வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். குடி வழியும் தாய் வழிதான். ஆகவே வீட்டோடு சேர்ந்த மெசினும் தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு என்று ஒரே கூரைக்குக் கீழேயே கைமாறி வந்திருக்கிறது. காணி உறுதியில் பெண்ணின் பெயர் எழுதப்படும். மெசினில் அப்படி ஒன்றும் எழுதப்படுவதில்லை. ஆனால் மிதிபலகையின் தேய்மானத்தைப் பாருங்கள். எத்தனை வருட உழைப்பு அதில் பதிந்திருக்கிறது!

நோன்பின் கடைசிப் பத்தில் விடிய விடியப் பெருநாள் உடுப்புத் தைத்த வீடுகள் இருந்தன. அதே வீடுகளுக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சட்டைத் துணியோடு தமிழ்ப் பிள்ளைகளும் வந்தார்கள். மருதமுனையில் நெய்ததும் காத்தான்குடியில் வாங்கியதும் இப்படியான மெசின்களில்தான் உடுப்பாகின. அளவெடுக்கும் நாடாவுக்கு இனம் தெரியாது. எங்கள் இரண்டு சமூகங்களும் ஒன்றையொன்று பயந்து பார்த்த காலங்களும் இருந்தன. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் காலங்களுக்கு முன்னும் பின்னும் ஒரு வீட்டின் துணி மற்ற வீட்டின் மெசினுக்குப் போய்த்தான் வந்தது. அதுவும் வரலாறுதான்.

பிறகு 1978 நவம்பர் சூறாவளி. 1990இன் இடம்பெயர்வு. 2004 டிசம்பர் 26இல் சுனாமி. 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரைப் பக்கத்துச் சனம் களப்பையும் காட்டையும் கடந்து ஓடிய நாட்கள். ஒவ்வொரு முறையும் கூரை போனது, கடதாசி போனது. பிறப்புப் பத்திரம், காணி உறுதி, கலியாணப் படம் எல்லாம் தண்ணீரிலும் நெருப்பிலும் போயின. பாட்டன் பூட்டன் காலத்துத் திகதி ஒன்றைக் காட்ட எதுவும் இல்லாத வீடுகள் எங்களிடம் எத்தனையோ.

அந்த வீடுகளில் மிஞ்சிய இரும்பு ஒன்று உண்டு. அதில் திகதியும் உண்டு. இந்தப் பதிவின் முக்கியமான விடயம் இதுதான்.

சிங்கர் மெசினின் அடித்தட்டில், வலது பக்கம், தூணுக்குக் கீழே ஓர் இலக்கம் அடிக்கப்பட்டிருக்கும். எழுத்து இல்லாமல் வெறும் இலக்கம் என்றால் அது 1900க்கு முந்தியது. ஆங்கில 'எஃப்' எழுத்து முன்னால் இருந்தால் கிளைட்பேங்கில் 1910களில் செய்தது. 'வை' என்றால் அதே ஊரில் 1921க்கும் 1935க்கும் இடையில். 'ஈ' எழுத்தில் தொடங்கும் இரண்டு எழுத்துகள் என்றால் 1935க்குப் பிறகு, அதே ஊர். முழு இலக்கத்தையும் வைத்துத் தேடினால் எந்த வருடத்துக்குரியது என்றே கண்டுபிடிக்கலாம். கடதாசி அழிந்த வீட்டில் இது ஒரு சாட்சி. அதை எடைக்குப் போடுவது சாட்சியை எடைக்குப் போடுவதுதான்.

பழசு என்பதற்காக இவை பயனற்றவை என்று நினைக்க வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது மோட்டர் மெசின்கள் நின்றன. மிதிக்கிற மெசின் நிற்கவில்லை. வெளிநாட்டில் இவற்றின் பெறுமதி தெரிந்திருக்கிறது. எங்கள் நாட்டவர் நிறைய வாழும் லண்டன் டூட்டிங் பகுதியில் ஒரு தனியார் அருங்காட்சியகம் 600க்கும் அதிகமான பழைய மெசின்களைச் சேர்த்தது. அதே பிரித்தானியாவில் 'டூல்ஸ் ஃபோர் செல்ஃப் ரிலையன்ஸ்' என்ற தொண்டு நிறுவனம் பழைய மெசின்களைத் திருத்தி ஆபிரிக்காவில் தொழில் செய்வோருக்கு அனுப்பி வந்தது. அழகுக்குச் சேர்ப்பது ஒன்று, திருத்தி ஓட வைப்பது இன்னொன்று. எங்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும்.

திருத்துவதும் அவ்வளவு கஷ்டமில்லை. களப்புக் காற்றில் உப்பு இருப்பதால் பெரும்பாலான மெசின்கள் இறுகிப்போய் இருக்கும். பலாத்காரமாகச் சக்கரத்தைச் சுற்றாதீர்கள். அசையும் மூட்டுகளில் ஒவ்வொரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் மெதுவாக அசைத்து, அழுக்கைத் துடைத்து, பிறகு மெசின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது காலப்போக்கில் பிசின் மாதிரி ஒட்டும். கறுப்பு நிறத்தின் மேல் உள்ள தங்கப் பூ வேலையில் ஸ்பிரிட்டோ அரத்தாளோ படக்கூடாது. மெல்லிய துணியில் மெசின் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். தோல் பெல்ட் இற்றிருந்தால் மாற்றுங்கள். சிங்கரின் 15ஆம் வகை மெசினைப் பார்த்துத்தான் ஜப்பானிலும் சீனாவிலும் ஏராளமான மெசின்கள் செய்யப்பட்டன. அதனால் அந்த வகைக்கு ஊசி, பொபின், பொபின் கேஸ் எல்லாம் இன்றும் வாங்கலாம். படகு வடிவ ஷட்டில் உள்ள அதைவிடப் பழைய வகைக்குத்தான் உதிரிப்பாகம் அரிது. அந்த ஷட்டிலை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

ஆசிரியர் உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். பாடசாலை மனையியல் அறைகளிலும் களஞ்சியங்களிலும் இப்படியான மெசின்கள் கிடக்கின்றன. வருட முடிவுப் பொருட்கணக்கெடுப்பில் கழிக்க முன்னம் இலக்கத்தைப் பாருங்கள். திருத்தக்கூடியது என்றால் பிள்ளைகளைச் சேர்த்துத் திருத்துங்கள். வரலாற்றுப் பாடத்துக்கும் அது உதவும், மனையியலுக்கும் உதவும்.

கடைசியாக, உங்கள் வீட்டில் மெசின் இருந்தால் இலக்கத்தைப் படம் எடுத்து இதன் கீழே போடுங்கள். அது எந்தக் காலத்துக்குரியது என்று நாங்கள் தேடிச் சொல்கிறோம். படத்தோடு ஒரு வரியும் எழுதுங்கள்: அதில் யார் தைத்தார், அந்தக் காசில் என்ன நடந்தது? பள்ளிக்கூடச் செலவா, ஒரு மகளின் கலியாணமா, இடம்பெயர்ந்த இடத்தில் ஒரு நேரச் சோறா? தைத்தவர்களில் இன்னும் சிலர் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். கேட்டு எழுத இதுதான் நேரம்.