எரிபொருள் பம்பி மாற்றீடு (வன்னி)

எரிபொருள் பம்பி என்பது தாங்கியில் இருக்கும் பெற்றோலையோ டீசலையோ இயந்திரம் கேட்கும் அழுத்தத்திலும் அளவிலும் கொண்டுபோய்ச் சேர்க்கும் உறுப்பு. பழுதானால் வாகனம் ஸ்ராட் ஆகாது, ஸ்ராட் ஆனாலும் மேட்டில் இழுக்காது, சூடேறியதும் நின்றுவிடும். வட இலங்கையின் வன்னியில், குறிப்பாகக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில், இதற்கு மாற்றுப் பம்பி தேர்வது மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் சிக்கலானது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வாகனத் தலைமுறைகளை இந்த மண் அடுத்தடுத்துக் கண்டிருக்கிறது. முதல் தலைமுறையின் பம்பியைக் கழற்றித் திருத்த முடிந்தது. இரண்டாவது அப்படியல்ல.

தடைக்காலத்துப் பம்பி

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குப் பெற்றோல், பற்றரி, வாகன உதிரிப்பாகம் முதலியவை போவதை அரசு தடுத்தது. முதலில் யாழ்ப்பாணத்திலும், 1995 ஒக்ரோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின் வன்னியிலும், கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கைகொடுத்தவை ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற 1950களின் பிரித்தானியக் கார்கள். அவற்றின் இயந்திரங்களில் அமுக்க விகிதம் குறைவு. ஆகவே ஒக்டேன் குறைந்த மண்ணெண்ணெயையும் ஓரளவு தாங்கின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால், காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் ஊற்றி ஸ்ராட் செய்து, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாறினார்கள்.

அந்தக் கார்களில் இருந்தவை தாழ் அழுத்தப் பம்பிகள். ஏ40இன் பம்பி இயந்திரத்தின் பக்கவாட்டில் பூட்டப்பட்டது. கேம் தண்டு ஒரு நெம்பை அசைக்க, டயபிறம் என்ற இறப்பர்ச் சவ்வு மேலும் கீழும் போய் எரிபொருளை உறிஞ்சித் தள்ளும். மொறிஸ் மைனரில் இருந்தது எஸ்.யூ. மின்பம்பி. சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று அடித்து, காபரேற்றர்க் கிண்ணம் நிறைந்ததும் அடங்கும். அதன் தொடுமுனைகள் கருகினால் பம்பி மௌனமாகிவிடும். அப்போது திருகுசாவியால் மெல்லத் தட்டினால் மறுபடி அடிக்கத் தொடங்கும். இரண்டுமே அக்கக்காகக் கழற்றித் திருத்தக்கூடியவை. சவ்வு, வால்வு, சுருள்வில் என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

நோயறிவதுதான் அப்போது கடினம். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி வடிந்து என்ஜின் ஒயிலை நீர்க்கச் செய்யும். இயந்திரத்தில் பூட்டிய பம்பியின் சவ்வு கிழிந்தாலும் எரிபொருள் அதே ஒயிலுக்குள்தான் இறங்கும். ஒயில் மட்டம் தானாக உயர்வதைக் கண்டால் இரண்டில் எது காரணம் என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளின் கராச் வேலையை நான் மிகப் பெரிய தொழில்நுட்பச் சாதனையாகவே கருதுகிறேன். வன்னியின் மருத்துவமனைகளையும் பாடசாலைகளையும் பற்றி எழுதிய அளவுக்கு அதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

2009 மே வரையான இறுதிப்போரில் சனம் தம்மோடு இழுத்துச் சென்ற கார்கள், லொறிகள், உழவு இயந்திரங்கள் முள்ளிவாய்க்கால் கரையோரத்தில் எரிந்தும் சிதைந்தும் கிடந்தன. அத்தோடு பழைய வாகனத் தொகுதியின் பெரும்பகுதி போய்விட்டது. ஏ9 வீதி திறந்தபின் வந்தவை லீசிங்கில் எடுத்த அல்ரோ, ஜப்பானிலிருந்து இறங்கிய றீகண்டிசன் அக்ஸியோ, வகன் ஆர், அக்குவா. இவற்றில் காபரேற்றர் இல்லை, இன்ஜெக்ரர் இருக்கிறது. பம்பி தாங்கிக்குள்ளேயே மூழ்கி நிற்கிறது. 2020 மார்ச்சில் வந்த வாகன இறக்குமதித் தடை தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் புதுக் கார் வாங்க முடியாதவர்கள் கையிலிருந்ததையே திருத்தித் திருத்தி ஓடினார்கள். பம்பி மாற்றும் தேவை இவ்வளவு பெருகியதற்கு அது முக்கியமான காரணம்.

அழுத்தமே முதல் அளவுகோல்

காபரேற்றர்க் கார்களுக்குச் சதுர அங்குலத்துக்குச் சில இறாத்தல் அழுத்தம் போதும். அதைவிடக் கூடினால் கிண்ணத்தின் ஊசிவால்வைத் தள்ளிக்கொண்டு பெற்றோல் வழியும். தீப்பிடிக்கும் ஆபத்து அங்கேதான். இன்ஜெக்ரர்க் கார்களுக்குப் பொதுவாக 3 முதல் 4 பார் வரை, அதாவது பழைய அளவைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் வேண்டும். அக்ஸியோவின் 1.5 லீற்றர் 1என்.இசட். இயந்திரக் குடும்பத்துக்கு டொயோட்டா சொல்லும் அளவு 304 முதல் 343 கிலோபஸ்கால். நேரடி இன்ஜெக்ஷன் இயந்திரங்களில் தாங்கிப் பம்பிக்கு மேலாக, 100 பாரையும் தாண்டும் இன்னொரு பம்பி இயந்திரத்தில் இருக்கும். அங்கே எந்தப் பம்பி பழுது என்று அறியாமல் வாங்கப் போகக் கூடாது.

ஆகவே மொறிஸ் மைனருக்கு இன்ஜெக்ரர்க் காரின் பம்பியைப் பூட்டுவது ஆபத்து. அக்ஸியோவுக்குக் குறைந்த அழுத்தப் பம்பியைப் பூட்டினால் வண்டி ஓடும், ஆனால் கலவை மெலிந்து, இழுவை போய், இயந்திரம் சூடேறும். "பவர் கூடினது" என்று கடைக்காரர் நீட்டும் பம்பியாலும் நன்மை இல்லை. இயந்திரம் எரிக்கும் அளவு மாறாது. மிகுதி ஓட்டம் அழுத்தச் சீராக்கியூடாகத் தாங்கிக்கே திரும்பி, எரிபொருளைச் சூடாக்குகிறது. மின்னோட்டமும் கூடுதலாக இழுப்பதால் றிலேயும் கம்பிகளும் வருந்தும்.

பம்பிதானா பழுது?

வவுனியாவுக்கோ கொழும்புக்கோ பாகம் எடுக்க ஆள் அனுப்ப முன்னர் இதை உறுதிசெய்வது பணத்தையும் ஒரு நாளையும் மிச்சப்படுத்தும். பியூஸ், றிலே, தாங்கிக்கு அருகிலுள்ள எர்த் கம்பி மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். பம்பி ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்தால் பற்றரியின் அளவுக்கு மிக நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரு வோல்ற்றுக்கு மேல் குறைந்தால் குற்றம் கம்பியில். சாவி திருப்பியதும் பின் இருக்கையின் கீழ் இரண்டு செக்கன் ஒலி கேட்பது நல்ல அடையாளந்தான். ஆனால் பழைய டொயோட்டாக்கள் சிலவற்றில் ஸ்ராட்டர் சுழலும்போதே பம்பி இயங்கும் என்பதால், ஒலி கேட்காததை மட்டும் வைத்துப் பம்பி செத்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. நம்பத்தக்க சான்று அழுத்தமானி. நின்றபின் அழுத்தம் உடனே விழுந்தால் பம்பியின் தடைவால்வு அல்லது சீராக்கி. அழுத்தம் சரியாக இருந்து ஓட்டம் குறைந்தால் பெரும்பாலும் அடைத்த வடிகட்டி.

வன்னியில் வடிகட்டி அடைக்கக் காரணங்கள் பல. கிறவல் ஒழுங்கைகளின் சிவப்புப் புழுதி, கன்களிலும் பீப்பாய்களிலும் வைத்து எடுத்த எரிபொருள், வெள்ளம். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்கள் நீரில் மூழ்கின. அப்படி நீரில் நின்ற வாகனங்களின் தாங்கியை முழுதாக வடித்துக் கழுவாமல் புதுப் பம்பி போட்டால் அதுவும் சில மாதங்களில் போகும். 2022 எரிபொருள் தட்டுப்பாடு வேறொரு பாடம். யூலையில் வந்த கியூஆர் பங்கீட்டு முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான், ஆகவே தாங்கிகள் எப்போதும் அடிமட்டத்தில் கிடந்தன. தாங்கிக்குள் இருக்கும் பம்பியைக் குளிர்விப்பது அதைச் சுற்றியுள்ள பெற்றோல்தான். அது குறைந்தால் மோட்டார் சூடேறும், அடியில் தங்கிய கசடும் உறிஞ்சுமுனைக்கு வரும்.

எண்ணைப் பார்த்து வாங்குதல்

"அல்ரோவுக்கு ஒரு பம்" என்று கேட்பது போதாது. இந்தியாவின் மாருதி அல்ரோ 800இல் 796 சிசி இயந்திரம். ஜப்பானிய அல்ரோவில் 658 சிசி. பெயர் ஒன்று, பம்பி வேறு. அக்ஸியோவிலும் 141ஆம், 161ஆம் தொடர்கள் வெவ்வேறு கார்கள். எனவே சட்டத்திலுள்ள தகட்டைப் பார்த்து மாதிரிக் குறியீட்டையும் சசி இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போக வேண்டும். அதைவிட நல்லது, பழைய பம்பியைக் கழற்றி அதிலுள்ள பாக இலக்கத்தைப் படிப்பது. டொயோட்டாவின் பம்பி இலக்கங்கள் பெரும்பாலும் 23220 என்று தொடங்கும். அதன்பின் வரும் ஐந்து இலக்கங்களே எந்தக் காருக்குரியது என்று சொல்கின்றன. டென்சோ, ஐசான் ஆகியவை ஜப்பானியக் கார்களுக்குத் தொழிற்சாலையிலேயே பம்பி கொடுத்த நிறுவனங்கள். அவற்றின் பெயரில் போலிகளும் உண்டு என்பதால் பெட்டியை நம்பாமல், பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைப்பி, குழாய் முனை, உயரம், உறிஞ்சுமுனையின் திசை எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும்.

பெயர்பெற்ற பம்பியும் தவறும். 2020இல் டென்சோ பம்பிகளின் பிளாஸ்ரிக் சுழலி எரிபொருளை உறிஞ்சி வீங்கிப் பம்பியை நிறுத்தக்கூடும் என்பதால், டொயோட்டா உலகெங்கும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைத் திருப்பி அழைத்தது. றீகண்டிசனாக வந்த காருக்கு அத்தகைய அழைப்பு உரிமையாளரின் கைக்கு வந்து சேர்வதில்லை. சசி இலக்கத்தை வைத்து விசாரிப்பது அவரவர் பொறுப்பாகிவிடுகிறது.

கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய பம்பி மலிவாகக் கிடைக்கும். கதவு, விளக்கு, கியர்பெட்டிக்கு அந்தச் சந்தை அருமையானது. பம்பிக்கு மட்டும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மோட்டாரின் கார்பன் தூரிகை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்க்க வழியில்லை, மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் இடையிலான ஏறத்தாழ 50 கிலோமீற்றர் வீதியில் இரவில் நின்றுவிட்டால் மிச்சம்பிடித்த காசு மறந்துபோகும். கை இறுக்கமென்றால் முழுத் தொகுதியை வாங்காமல், பழைய சட்டகத்தையும் மட்டமானியையும் வைத்துக்கொண்டு மோட்டாரை மட்டும் புதிதாகப் போடலாம். உறிஞ்சுவலையும் வளைய இறப்பரும் எப்போதும் புதிதாக இருக்க வேண்டும். தாங்கிக்குள் போகும் குழாய் பெற்றோலில் மூழ்கி நிற்கத் தகுந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். சாதாரண எரிபொருள் குழாயின் வெளித்தோல் சில மாதங்களில் நெகிழ்ந்து வெடிக்கும், புதுப் பம்பி பழுதென்று பழி அதன்மேல் விழும்.

டீசல்

லாண்ட்மாஸ்ரர் என்று எல்லோரும் அழைக்கும் இருசில்லு உழவு இயந்திரத்தில் தாங்கி மேலே இருப்பதால் ஊட்டப் பம்பி தேவையில்லை. மெசி பேர்கூசன் 240இல் இயந்திரத்தின் பக்கத்தில் கைநெம்பு வைத்த டயபிறம் பம்பி உண்டு. மாற்றும்போது பூட்டாணித் துளைகளும் நெம்பின் வளைவும் ஒத்துப்போக வேண்டும். உயரழுத்த டீசல் பம்பியை உராய்விலிருந்து காப்பது அதனூடாகப் பாயும் டீசலேதான். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு இல்லை. 2022 ஓகஸ்ட் வரை லீற்றர் 87 ரூபாவாக இருந்து பின் 340 ரூபாவான மண்ணெண்ணெயை, மலிவாக இருந்த காலத்தில் டீசலில் கலந்து ஓட்டிய வாகனங்கள் தேய்ந்த பம்பிகளோடு இன்றும் கராச்சுக்கு வருகின்றன. கொமன் றெயில் வாகனத்தில் பம்பி உள்ளே அரைபட்டிருந்தால் உலோகத் துகள் இன்ஜெக்ரர் வரை போயிருக்கும். குழாய்களைக் கழுவாமல் பம்பியை மட்டும் மாற்றுவது பயன் தராது.

பூட்டும்போது

பம்பியின் பியூஸை எடுத்து இயந்திரத்தை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்கி, பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிய பிறகே தாங்கி மூடியைத் திறக்க வேண்டும். பற்றரியைக் கழற்றுவது இயந்திரம் நின்றபின். இந்த வேலையை மூடிய கராச்சில் செய்யக் கூடாது. அக்குவாவில் உயர் மின்னழுத்த பற்றரி பின் இருக்கையின் கீழ் இருப்பதால் முதலில் அதன் பாதுகாப்புச் செருகியைக் கழற்ற வேண்டும். செம்மஞ்சள் நிறக் கம்பிகளை அதில் பயிற்சி இல்லாதவர் தொடக் கூடாது. பூட்டி முடிந்ததும் தாங்கியை நிரப்பி, மூடியைச் சுற்றிக் கசிகிறதா, காருக்குள் பெற்றோல் மணக்கிறதா, மட்டமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்த பின்னரே இருக்கையை மேலே போட வேண்டும்.