எள்ளுப்பேரனின் மன்னிப்பு

வேலை விஷயமாக பாஸ்டனில் மூன்று வாரம் இருந்தபோது ஒரு சனிக்கிழமை சேலம் போனேன். நம்ம சேலம் இல்லை. பாஸ்டனிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். ஊர் முழுக்கச் சூனியக்காரி பொம்மைகள், கூம்புத் தொப்பிகள். போலீஸ்காரர் சட்டைச் சின்னத்தில்கூட துடைப்பத்தில் பறக்கும் கிழவி. நான் பார்க்கப் போனது ஒரு கல்லறையை. ஜான் ஹாதோர்ன், 1692 சூனிய வழக்குகளில் கைதிகளை விசாரித்தவர். ‘ஸ்கார்லெட் லெட்டர்’ எழுதிய நத்தானியேல் ஹாதோர்னின் எள்ளுத்தாத்தா. நாவலாசிரியர் தன் பெயரில் ஒரு டபிள்யூவைச் செருகிக்கொண்டார். முன்னோரிடமிருந்து தப்பிக்கத்தான் என்பார்கள். தமிழில் எழுதினால் அந்த வித்தியாசமே தெரியாது, பாவம்.

விசாரணைக் குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. பெரும்பாலும் அவர் ‘செய்தாயா?’ என்று கேட்பதில்லை, ‘ஏன் செய்தாய்?’ என்றுதான் ஆரம்பிக்கிறார். வில்லன், அவ்வளவுதான் என்று மூடிவைத்துவிடலாம். ஆனால் அப்போது அவருக்கு ஐம்பது வயது. வியாபாரி, சட்டம் படித்தவர் இல்லை. அந்த நாற்காலியில் அவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தது எது என்பதுதான் என் கேள்வி.

1641ல் பிறந்தார். அப்பா வில்லியம் 1630ல் கப்பலேறி வந்த தலைமுறை; குவேக்கர்களைச் சவுக்கால் அடிக்க வைத்த மனிதர். ராஜா கொடுத்த ஒரு சாசனத்தை வைத்துக்கொண்டு மாசசூசெட்ஸ்காரர்கள் ஏறக்குறைய தங்களைத் தாங்களே ஆண்டுகொண்டிருந்தார்கள். 1675ல் வாம்பனோவாக் தலைவர் மெட்டகாம் தலைமையில் போர் வெடித்தது. ஒரு டஜன் ஆங்கிலேய ஊர்கள் அழிந்தன. பழங்குடிகளுக்கு நேர்ந்தது அதைவிடக் கொடுமை. பிடிபட்டவர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி மேற்கிந்தியத் தீவுகளில் விற்றார்கள். மெட்டகாமின் தலை பிளிமத் ஊரில் கழியில் செருகப்பட்டு வருடக்கணக்கில் இருந்தது.

1684ல் லண்டன் அந்தச் சாசனத்தை ரத்து செய்தது. 1686ல் வந்த கவர்னர் ஆண்ட்ரோஸ் சட்டசபையைத் தூக்கினார், நிலப் பட்டாக்களே செல்லாது என்றார். 1689 ஏப்ரலில் பாஸ்டன் ஜனங்கள் அவரையே சிறையில் போட்டார்கள். அதன்பின் மூன்று வருஷம் முறையான சாசனம் இல்லாத அரசு. அட்மின் அக்சஸ் யாரிடம் என்றே தெரியாமல் ஓடும் சர்வர் மாதிரி. (அதே 1692ல் நம் ஜார்ஜ் கோட்டையில் கவர்னர் பதவி இழந்த எலிஹு யேல் பிறந்ததும் பாஸ்டனில்தான்.)

எனக்கு முக்கியமாகப்பட்டது 1690. வடக்கே பிரெஞ்சுக்காரர்களும் வபனாக்கிகளும் சேர்ந்து எல்லை ஊர்களைத் தாக்கிக்கொண்டிருந்தார்கள். காவல் ஏற்பாடுகளைப் பார்த்துவர ஹாதோர்னும் ஜோனத்தன் கார்வினும் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் சொன்ன யோசனைக்குப் பிறகு, மே மாதத்தில் பால்மத் ஊரிலிருந்து படை விலக்கப்பட்டது. சில நாட்களில் ஊர் தாக்கப்பட்டது, லாயல் கோட்டை விழுந்தது. சரணடைந்தவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் தெற்கே ஓடிவந்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, 1692 மார்ச் 1ஆம் தேதி, சேலம் கிராமத்தில் டிட்டுபாவையும் இரண்டு பெண்களையும் விசாரிக்க உட்கார்ந்தவர்கள் அதே ஹாதோர்ன், அதே கார்வின். குற்றம் சாட்டிய பெண்களில் மெர்சி லூயிஸ் பால்மத் பக்கத்தில் பெற்றோரைப் பறிகொடுத்த வேலைக்காரப் பெண். தூக்கிலிடப்பட்ட பாதிரியார் ஜார்ஜ் பர்ரோஸ் பால்மத்தில் ஊழியம் செய்தவர். மேரி பெத் நார்ட்டன் என்ற வரலாற்றாசிரியர் 2002ல் எழுதிய புத்தகத்தில் இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கிறார். எல்லையில் தோற்றது தங்கள் தப்பு அல்ல, சாத்தானின் வேலை என்றால் தலைவர்களுக்கு எவ்வளவு நிம்மதி! எங்கள் ஆபீசில் சிஸ்டம் விழுந்தால் முதல் மீட்டிங்கில் நடப்பதும் இதுதான். யார் கைவைத்தது என்று தேடுவதில் முந்திக்கொள்கிறவர், முந்தின வாரம் அந்த மாற்றத்துக்கு ஓகே சொன்னவராகவே இருப்பார். ஒருமுறை அது நான்.

ஆனால் காரணம் புரிந்துவிட்டால் குற்றம் குறையுமா? சாரா குட் என்ற ஏழைப் பெண்ணின் மகளுக்கு நாலைந்து வயது. அவளையும் ஹாதோர்ன் விசாரித்தார். குழந்தையைச் சங்கிலியில் கட்டி மாதக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். அம்மாவை ஜூலையில் தூக்கிலிட்டார்கள். பல வருஷம் கழித்து அவள் அப்பா, மகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நஷ்டஈடு கேட்டு மனு கொடுத்தார். முப்பது பவுண்டு கிடைத்தது. விசாரணையில் தன் மனைவி சூனியக்காரியாக இருக்கலாமோ என்று பயப்படுவதாகச் சொன்னவரும் அதே மனிதர்தான். எந்தப் போரைக் காட்டியும் இந்தச் சங்கிலியை என்னால் விளக்கிக்கொள்ள முடியவில்லை.

பத்தொன்பது பேர் தூக்கில் இறந்தார்கள். கைல்ஸ் கோரி என்ற கிழவரைக் கற்களை அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். சக நீதிபதி சாமுவேல் ஸ்யூவல் 1697ல் தேவாலயத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார். அவர் எழுதிய மன்னிப்பைப் பாதிரியார் வாசித்தார். ஹாதோர்ன் வாய் திறக்கவில்லை. 1696ல் படையோடு வடக்கே போய் ஒரு பிரெஞ்சுக் கோட்டையை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார். 1702ல் உயர் நீதிமன்ற நீதிபதியானார்.

மன்னிப்புக் கேட்டது எள்ளுப்பேரன். 1850ல் ‘ஸ்கார்லெட் லெட்டர்’ முன்னுரையில், முன்னோர்களின் அவமானத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்வதாக எழுதினார். அதே பக்கங்களில், கதை எழுதிப் பிழைக்கும் தன்னை அந்தத் தாத்தாக்கள் எவ்வளவு கேவலமாகப் பார்த்திருப்பார்கள் என்றும் கற்பனை செய்கிறார். எனக்கு மன்னிப்பைவிட அந்தப் பயம்தான் அதிகம் ஒட்டியது. கொலைகாரத் தாத்தாவாகவே இருந்தாலும் அவரிடம் நல்ல பெயர் வாங்கத் தோன்றுகிறது பாருங்கள்.

கல்லறை சார்ட்டர் தெருவில். சின்னப் பலகைக்கல். அதில் கர்னல் ஜான் ஹாதோர்ன் என்றிருக்கிறது, நீதிபதி என்று இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் 1992ல் கட்டிய நினைவிடம், கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒன்றாக இருபது கல் இருக்கைகள். சாரா குட்டின் இருக்கையில் யாரோ ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.