ஒட்டுக்கு ஒரு ஓட்டு

1994-ன் நடுவில் ராப் மெக்கூல் என்ற இளைஞர் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தை விட்டுப் போனார். அவர் எழுதிய வெப் சர்வர் அப்போது ஊரெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவர் போனதும் அதைக் கவனிக்க ஆளில்லை. பயன்படுத்தியவர்கள் தங்கள் கண்ணில் பட்ட ஓட்டைகளைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். ஒருவர் அடைத்தது இன்னொருவருக்குத் தெரியாது. இந்த ஒட்டுகளை, அவர்கள் பேச்சில் பேட்ச்களை, ஒன்றுசேர்க்கலாம் என்று 1995 பிப்ரவரியில் எட்டுப் பேர் கூடினார்கள். அப்பாச்சி குழு பிறந்தது அப்படித்தான்.

கூடினார்கள் என்பது பேச்சுக்கு. பிரையன் பெலண்டார்ஃப் சான் பிரான்சிஸ்கோவில் இருந்தார். ராய் ஃபீல்டிங் அதே மாநிலத்தின் தென்பகுதியில், அர்வைனில் ஆராய்ச்சி மாணவர். ராபர்ட் தாவ் எதிர்க்கரையில் எம்.ஐ.டி.யில். கடல் தாண்டி பிரிட்டனிலும் ஆட்கள். எல்லாருக்கும் வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை உண்டு. இந்த வேலைக்குச் சம்பளமும் இல்லை, மேலதிகாரியும் இல்லை. லினக்ஸ் இயங்குதளத்துக்காவது அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இருந்தார், கடைசி வார்த்தை அவருடையது. இங்கே ஒரு ஒட்டைச் சேர்ப்பதா தள்ளுவதா என்று யார் சொல்வது?

ஓட்டுப் போடலாம் என்றார்கள், அதுவும் மின்னஞ்சலிலேயே. சரி என்றால் +1, கூடாது என்றால் -1. நிரலில் ஒரு மாற்றம் ஏற வேண்டுமானால் மூன்று +1 வேண்டும், ஒரு -1 கூட இருக்கக் கூடாது. மற்ற விஷயங்களுக்கு மூன்று +1-உடன் பெரும்பான்மையும் இருந்தால் போதும். வெளியாரும் ஓட்டுப் போடலாம், ஆனால் கணக்கில் வருவது குழுவினர் போட்டது மட்டும்.

இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியமே அந்த மூன்றில்தான் இருக்கிறது என்பேன். எட்டுக்கு ஐந்து என்று கேட்டிருந்தால், பரீட்சை, ஆபீஸ், வீடு என்று ஆளுக்கொரு பக்கம் போன வாரத்தில் எதுவும் நகர்ந்திருக்காது. வந்தவர்களை வைத்துக்கொண்டு வேலை நடக்க வேண்டும், வராதவர்கள் வந்து பார்த்தால் கொதிக்கவும் கூடாது. அப்பாச்சி சர்வரின் முதல் வெளியீடு ஏப்ரலில் வந்துவிட்டது, 1.0 அதே ஆண்டு டிசம்பர் 1-ல். 1996 ஏப்ரலில் இணையத்தில் அதிகம் ஓடும் சர்வர் அதுதான்.

ஒரே ஆள் -1 போட்டு எல்லாவற்றையும் முடக்கலாமே என்று தோன்றும். அதற்குத்தான் விதிகளில் ஒரு கடிவாளம்: நிரலை மறுப்பவர் தொழில்நுட்பக் காரணம் சொல்ல வேண்டும். காரணமில்லாத -1 செல்லாது. காரணம் சரியாக இருந்தால், எத்தனை பேர் எதிரே நின்றாலும் மாற்றம் நிற்கும். அவரே மனம் மாறித் திரும்பப் பெற்றால்தான் உண்டு.

ஆமாம், இல்லை என்பதோடு மனித மனம் நிற்குமா? பின்னங்கள் வந்தன. -0.9 என்றால் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை, ஆனால் நீங்கள் எல்லாரும் போகிறீர்கள் என்றால் குறுக்கே நிற்க மாட்டேன். -0.5 என்றால் பிடிக்கவில்லை, ஏனென்று சொல்லத் தெரியவில்லை. +0.9 போடுபவருக்கு யோசனை பிடித்திருக்கிறது, கைகொடுக்கத்தான் நேரமில்லை. நம் சங்கக் கூட்டங்களில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இப்படி ஒரு வசதி இருந்திருக்கலாம். சின்னச் சின்ன விஷயங்களுக்கு ஓட்டே வேண்டியதில்லை. செய்யப்போகிறேன் என்று அறிவித்துவிட்டுக் காத்திருந்தால் போதும், மௌனம் சம்மதம். காத்திருக்கும் நேரம் பொதுவாக 72 மணி. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் தூங்கி எழுந்து படித்துப் பதில் போட அது போதும்.

1999-ல் குழு அறக்கட்டளையாயிற்று. சர்வரோடு வேறு மென்பொருள்களும் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகக் குழு, எல்லாவற்றுக்கும் அதே மூன்று +1. வெளியீட்டில் மட்டும் கதை வேறு. நிரலைத் தடுக்கிற -1-க்கு வெளியீட்டைத் தடுக்கும் சக்தி கிடையாது. குறைந்தது மூன்று +1 இருந்து, அவை -1-ஐவிட அதிகமாகவும் இருந்தால் வெளியிடலாம். ஆனால் அந்த +1 சும்மா கை தூக்குவது இல்லை. போடுபவர் மூல நிரலைத் தன் சொந்தக் கணினியில் இறக்கி, கையொப்பம் சரிபார்த்து, தொகுத்து, ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

அதனால்தானோ என்னவோ, இந்தத் திட்டங்கள் -1 விழுந்து சாவதைவிட +1 போட ஆளில்லாமல் ஓய்வதே அதிகம் என்று தோன்றுகிறது. ஒரு வெளியீட்டுக்கு மூன்று பேர்கூடத் தேறாத திட்டங்களை எடுத்துவைக்க 2008-ல் அறக்கட்டளை ஓர் இடம் ஒதுக்கியது. அதற்குப் பரண் என்றே பெயர் வைத்தார்கள். அங்கே போன நிரலை யாரும் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம். புதிய வெளியீடு மட்டும் வராது.