பீமாரிஸ்தான்: ஒரு சொல்லின் ஏற்றமும் இறக்கமும்

மனம் நலிந்தோரை ஒரு சமுதாயம் எவ்வாறு பேணியது என்பதை அறிய விழைவோர், அவர்களை அது எப்பெயரிட்டு அழைத்தது என்பதையும் ஆராய்தல் வேண்டும். இஸ்லாமிய மருத்துவ வரலாற்றில் இதற்குத் தக்க சான்றாக விளங்குவது 'பீமாரிஸ்தான்' என்னும் சொல்லாகும்.

பாரசீக மொழியில் 'பீமார்' என்பது நோயாளியையும், 'ஸ்தான்' என்பது இடத்தையும் குறிக்கும். டமாஸ்கஸில் 1154இல் நூருத்தீன் ஸங்கியும், கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூனும் நிறுவிய பொது மருத்துவமனைகள் இப்பெயரையே பெற்றன. கலாவூனின் மருத்துவமனையில் காய்ச்சலுற்றோர்க்கும் கண்நோயாளர்க்கும் இருந்தது போன்றே மனநோயாளர்க்கும் தனிப் பகுதி இருந்தது. அனைவரும் ஒரே கூரையின்கீழ், ஒரே வக்ஃபு வருவாயில், 'நோயாளி' என்னும் ஒரே பெயரால் பேணப்பட்டனர். அதற்கும் முன்னரே, 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் ஆராய்ந்து, துயருற்றோர்க்குப் பிறர் கூறும் ஆறுதல் மொழியும் மருந்தாகும் எனக் கண்டார்.

இப்பண்பின் வேர் திருமறையில் உள்ளது. அறிவு முதிராதோரிடம் செல்வத்தை ஒப்படைக்க வேண்டா எனக் கூறும் வசனமே (4:5), அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து இனிய சொல்லால் பேசுமாறும் பணிக்கிறது. மக்கத்துக் குறைஷியர் அண்ணல் நபி (ஸல்) அவர்களையே 'மஜ்னூன்' என ஏசினர். அச்சொல்லின் வடு நாம் அறியாததன்று.

எனினும் மறுபக்கத்தை நாம் மறைத்தலாகாது. 1184இல் டமாஸ்கஸ் சென்ற பயணி இப்னு ஜுபைர், அங்கு மனநோயாளர் பிணிக்கப்பட்டிருந்ததையும் பதிவு செய்துள்ளார். காலப்போக்கில் கெய்ரோ மருத்துவமனை சீர்குலைந்து, 19ஆம் நூற்றாண்டில் மனநோயாளரை அடைத்து வைக்கும் இடமாகச் சுருங்கியது. 'மாரிஸ்தான்' எனக் குறுகிய அதன் பெயரும் பைத்தியக்கார விடுதி என்னும் இழிபொருளைப் பெற்றது. பராமரிப்புத் தாழ்ந்தபோது சொல்லும் உடன் தாழ்ந்தது.

இவ்வரலாறு கெய்ரோவோடு முடிந்துவிடவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று, நம் ஏர்வாடியில் தர்காவை அண்டியிருந்த ஒரு காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி 28 உயிர்கள் மாண்டன. 1912ஆம் ஆண்டின் 'பித்தர்' சட்டம் 1987இல் மனநலச் சட்டமாயிற்று. அதனையடுத்து வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடை செய்தது.

இனி எஞ்சியிருப்பது நம் நாவின் பொறுப்பு. 'பைத்தியம்' எனப் பெயரிட்டால் வீட்டார் ஒளித்துவைக்க முனைவர். 'நோயாளி' என்றால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வர். நம் முன்னோர் பீமாரிஸ்தானின் வாயிலில் பொறித்த அச்சொல்லை நம் இல்லங்களிலும் ஜமாஅத்துகளிலும் மீட்டெடுப்போமாக!